ஊர்க்காற்றும் உயர் இரத்த அழுத்தமும்

மும்பை மாநகரின் மாதுங்காவில் உள்ள கிங்ஸ் சர்க்கிள், பல தலைமுறைகளாகத் தமிழர் வாழ்வோடு பிணைந்த இடமாகும். மகேஷ்வரி உத்யான் என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்ட பின்னரும் மக்கள் நாவில் பழைய பெயரே வழங்கி வருகிறது. டாக்டர் அம்பேத்கர் சாலையில் இரவும் பகலும் ஓடும் வாகனங்களின் புகை இவ்வட்டாரத்து மக்களுக்குப் பழகிப் போன ஒன்று. வடகிழக்கே செம்பூரின் தொழிற்சாலைகளும், அருகே தாராவியின் நெருக்கமான பட்டறைகளும் உள்ளன. ஆகவே, இங்கு வாழும் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. நகரக் காற்று உடலைக் கெடுக்கும். கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்று ஒரு மாதம் தங்கினால் உடல் தேறும் என்பதே அந்த நம்பிக்கை.

இந்த நம்பிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஊரில் காலையும் மாலையும் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைக்கும் தாயோ பாட்டியோ எத்தகைய காற்றைச் சுவாசிக்கிறார் என்ற வினா அந்த நம்பிக்கையில் இடம்பெறுவதில்லை. நீண்ட காலம் மாசடைந்த காற்றைச் சுவாசிப்பதற்கும் இரத்த அழுத்தம் உயர்வதற்கும் தொடர்பு உண்டு என்பதை அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தத் தொடர்பு கிராமங்களிலும் காணப்படுகிறது. அங்கும் பெண்களிடம் தெளிவாகக் காணப்படுகிறது. இந்த உண்மை எவ்வாறு அறியப்பட்டது, அது எந்த அளவுக்கு உறுதியானது, அதனால் நம் திட்டங்களில் செய்ய வேண்டிய மாற்றங்கள் யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரத்த அழுத்தமும் நுண்துகளும்

இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது தமனிகளின் சுவர்மீது ஏற்படும் அழுத்தம் சுருங்கழுத்தம் எனப்படும். இதயம் விரிந்து இளைப்பாறும்போது எஞ்சியிருக்கும் அழுத்தம் விரிவழுத்தம் எனப்படும். இவ்விரண்டும் பாதரச மில்லிமீட்டர் அளவில் குறிக்கப்படுகின்றன. சுருங்கழுத்தம் 140 அல்லது அதற்கு மேலும், அல்லது விரிவழுத்தம் 90 அல்லது அதற்கு மேலும் தொடர்ந்து காணப்படுமாயின் அதனை உயர் இரத்த அழுத்தம் என்று மருத்துவர் கொள்கின்றனர். பெரும்பாலோரிடம் இதற்கு வெளிப்படையான அறிகுறி எதுவும் இராது. பக்கவாதமோ, மாரடைப்போ, சிறுநீரகச் செயலிழப்போ நேர்ந்த பிறகே பலர் இதனை அறிகின்றனர்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியப் பெண்களில் 21 சதவீதத்தினரும் ஆண்களில் 24 சதவீதத்தினரும் உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள், அல்லது அதற்காக மருந்து உண்பவர்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு உள்ள இந்நோயைச் செல்வந்தரின் நோய் என்றோ நகரத்தாரின் நோய் என்றோ இனிக் கருத இயலாது.

இரத்த அழுத்தம் உயர்வதற்கு வயது, பரம்பரை, உப்பு மிகுந்த உணவு, உடற்பருமன், மது, உடலுழைப்பின்மை ஆகியவை காரணங்கள் என்பதை யாவரும் அறிவர். காற்றின் மாசு இப்பட்டியலில் பிற்காலத்தில் சேர்ந்தது. புகையில் பல்வேறு அளவுள்ள துகள்கள் உள்ளன. அவற்றுள் 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட விட்டமுள்ளவை நுண்துகள்கள் எனப்படுகின்றன. ஒரு தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இவற்றின் அளவு. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். நுண்துகள்களோ நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை செல்லக் கூடியவை.

அங்கு அவை செய்யும் தீங்கு மூன்று வழிகளில் நிகழ்கிறது. முதலாவதாக, நுரையீரலில் உள்ள நரம்பு முனைகளைத் தூண்டி, இதயத் துடிப்பையும் குழாய்ச் சுருக்கத்தையும் ஆளும் தானியங்கு நரம்பு மண்டலத்தின் சமநிலையைக் குலைக்கின்றன. இவ்விளைவு சில நிமிடங்களிலேயே ஏற்படக் கூடும். இரண்டாவதாக, நுரையீரலில் அழற்சியை உண்டாக்குகின்றன. அங்கு தோன்றும் வேதிப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுகின்றன. மூன்றாவதாக, இரத்தக் குழாய்களின் உட்சவர் சுரந்து குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடின் அளவு குறைகிறது. பல ஆண்டுகள் இவ்வாறு நிகழ்ந்தால் குழாய்கள் நெகிழ்ச்சி இழந்து விறைக்கின்றன. ஒரு நாள் புகை ஒரு நாள் அழுத்தத்தை உயர்த்துகிறது. பல ஆண்டுப் புகை அந்த உயர்வை நிலைபெறச் செய்கிறது எனலாம்.

மும்பை ஆய்வு தந்த எச்சரிக்கை

நகரக் காற்றையும் கிராமக் காற்றையும் ஒப்பிட்டு மக்கள் உடல்நலத்தை ஆராய்ந்த நம் நாட்டு முன்னோடி முயற்சிகளுள் ஒன்று மும்பையிலேயே நடைபெற்றது. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் எஸ்.ஆர். காமத்தும் அவருடைய குழுவினரும் 1970களின் பிற்பகுதியில் இதனை மேற்கொண்டு, 1980இல் முடிவுகளை வெளியிட்டனர். கந்தக டை ஆக்சைடின் அளவை வைத்து நகரில் மாசு மிகுந்தது, நடுத்தரமானது, குறைந்தது என மூன்று பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. செம்பூரும் அவற்றுள் ஒன்று. ஒப்பீட்டுக்காக நகருக்கு வெளியே ஒரு கிராமப்புறச் சமுதாயமும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. மொத்தம் 4,129 பேர் ஆராயப்பட்டனர்.

எதிர்பார்த்தபடியே, மூச்சுத் திணறலும் இருமலும் நகரின் தூய பகுதியைவிட மாசு மிகுந்த பகுதியில் அதிகமாகக் காணப்பட்டன. இதய நோய்கள் கிராமத்தில் 2.7 சதவீதம் மட்டுமே. மாசு மிகுந்த நகரப் பகுதியில் 6.8 சதவீதம். ஆயினும் ஒரு முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி மாசு மிகுந்த நகரப் பகுதியில் 4.5 சதவீதமாக இருந்தபோது, கிராமத்தில் 5.0 சதவீதமாக இருந்தது. தூய காற்றுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்ட கிராமம், நகரின் தூய பகுதியைவிட இருமடங்குக்கு மேல் இந்நோய்க்கு ஆளாகியிருந்தது.

காரணம் விளங்காததன்று. அந்த ஆய்வு அளந்தது வெளியிலுள்ள காற்றை. அதிலும் தொழிற்சாலைக்குரிய கந்தக வாயுவை. கிராமத்தின் புகையோ வீட்டின் உள்ளே, அடுப்படியில் எழுவது. எந்த இடத்தில், எந்த மாசை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஓர் ஊர் தூயதாகவோ மாசுற்றதாகவோ தோன்றுகிறது. ஆய்வு முறையைக் கற்கும் மாணவர் இப்பாடத்தை மனத்திற் கொள்ளுதல் நலம்.

அடுப்படியில் அளந்தவை

அடுப்புப் புகைக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை நம் நாட்டு மருத்துவர் இதற்கும் முன்னரே கண்டிருந்தனர். இதய மருத்துவத்தில் முன்னோடியான மருத்துவர் எஸ். பத்மாவதி, 1959இல் தில்லி நோயாளிகள் 127 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாட்பட்ட நுரையீரல் கோளாற்றினால் இதயத்தின் வலப்பக்கம் பழுதுறும் நோய் அது. மேலை நாடுகளில் அது பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களின் நோயாக இருந்தது. இங்கோ புகைபிடிக்காத பெண்களும் பெருமளவில் அதற்கு ஆளாகியிருந்தனர். விறகு, வரட்டி ஆகியவற்றின் புகையே இதற்குக் காரணமாகலாம் என்ற கருத்து அப்போதே எழுந்தது.

ஆயினும் அப்புகையின் அளவு எவ்வளவு என்பது நெடுங்காலம் அறியப்படவில்லை. 1981இல் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர், இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடையிலேயே சிறு கருவியைப் பொருத்தி அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார். 1983இல் வெளியான முடிவுகளின்படி, சமைக்கும் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் சராசரியாக 7 மில்லிகிராம் அளவுக்குத் துகள்கள் இருந்தன. மைக்ரோகிராமில் சொல்வதானால் 7,000. இது எல்லா அளவுத் துகள்களையும் சேர்த்த கணக்கு என்பதையும், சமைக்கும் நேரத்துக்கு மட்டும் உரியது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். எனினும், எந்தப் பெருநகரத்தின் சாலைச் சந்திப்பிலும் இயல்பாகக் காண இயலாத அளவு இது.

எரிபொருளின் தன்மையும் இங்கு கருதத்தக்கது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சீமைக்கருவேல் விறகு, தென்னை மட்டை, பனை ஓலை, பருத்திமார், சோளத்தட்டை, வரட்டி ஆகியவை அடுப்பில் எரிகின்றன. இவற்றுள் காய்ந்த விறகு ஓரளவு நன்றாக எரியும். மழைக்காலத்தில் ஈரமான விறகும், எப்போதும் வரட்டியும் மிகுந்த புகையைத் தருவன. ஊதுகுழலால் ஊதி நெருப்பைத் தூண்டும் பெண்ணின் முகம் அடுப்பிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. இடுப்பிலோ அருகிலோ குழந்தையும் இருப்பதுண்டு.

தெலங்கானா ஊர்களில் கண்ட உண்மை

இனி இரத்த அழுத்தத்துக்கு வருவோம். ஐதராபாத் நகருக்கு அருகே, தெலங்கானாவில் உள்ள 28 ஊர்களில் வாழும் 5,531 வயது வந்தோரை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு 2019இல் வெளியாயிற்று. இந்திய ஆய்வாளரும் பார்சலோனா உலக நல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோரும் இணைந்து செய்த பணி இது. ஒவ்வொருவர் வீட்டிலும் நிலவும் ஆண்டுச் சராசரி நுண்துகள் அளவு கணக்கிடப்பட்டு, அது அவரது இரத்த அழுத்தத்துடன் ஒப்பிடப்பட்டது.

அவ்வூர்களின் வெளிக்காற்றில் நுண்துகள் சராசரி ஒரு கனமீட்டருக்கு 33 மைக்ரோகிராம். உலக நல நிறுவனம் 2021இல் வகுத்த பரிந்துரை 5 மைக்ரோகிராம்; அதைப் போல் ஆறு மடங்குக்கும் மேல் இது. நம் நாட்டின் தரமான 40 மைக்ரோகிராமுக்கோ இது உட்பட்டது. அதாவது, சட்டப்படி தூயதெனக் கருதத்தக்க காற்றில்தான் பின்வரும் விளைவு காணப்பட்டது. நுண்துகள் ஒரு மைக்ரோகிராம் கூடுதலாக உள்ள இடங்களில் வாழும் பெண்களின் சுருங்கழுத்தம் 1.4 மில்லிமீட்டரும், விரிவழுத்தம் 0.87 மில்லிமீட்டரும் கூடுதலாக இருந்தன. உயர் இரத்த அழுத்தம் இருப்பதற்கான வாய்ப்பு 4 சதவீதம் மிகுந்திருந்தது. ஆண்களிடம் இத்தொடர்பு வலுவற்றே காணப்பட்டது.

பெண்களிடம் மட்டும் இது தெளிவாகத் தோன்றுவதேன்? ஆண்கள் வேலைக்காக ஊர் விட்டு ஊர் செல்வதால், வீட்டை வைத்துக் கணக்கிட்ட மாசு அவர்கள் உண்மையில் சுவாசிப்பதைச் சரியாகக் காட்டாமற் போகலாம். பெண்கள் நாளின் பெரும்பகுதியை வீட்டிலும் அதன் அருகிலும் கழிக்கின்றனர். மேலும் அவர்கள் உடல் சிறு வயது முதலே அடுப்புப் புகையைச் சுமந்து வந்துள்ளது.

வெளிக்காற்று, வீட்டுக்காற்று என்ற பிரிவும் முழுமையானதன்று. அடுப்பிலிருந்து எழும் புகை கூரை இடுக்கின் வழியே வெளியேறி ஊர்க்காற்றில் கலக்கிறது. 2018இல் வெளியான ஒரு விரிவான மதிப்பீட்டின்படி, 2015இல் நாட்டின் வெளிக்காற்று நுண்துகளால் நேர்ந்த இறப்புச் சுமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு வீடுகளில் எரியும் விறகும் வரட்டியுமே காரணம். எனவே எரிவாயுவில் சமைக்கும் வீட்டாரும் அண்டை வீட்டு விறகின் புகையைச் சுவாசிக்கின்றனர்.

பிற நாடுகளிலும் இத்தகைய முடிவுகள் கிடைத்துள்ளன. சீனாவின் யுன்னான் மாநிலக் கிராமங்களில் 280 பெண்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், மிகுதியாகப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் இவ்விளைவு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிதா?

ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்ற உயர்வு தனி மனிதருக்கு அற்பமாகத் தோன்றலாம். காலையில் அளந்ததற்கும் மாலையில் அளந்ததற்கும் இடையே இதனினும் மிகுந்த வேறுபாடு இருப்பதுண்டு. மக்கள்தொகை முழுவதற்கும் நோக்கும்போது நிலை வேறு. பத்து லட்சம் பேரை உள்ளடக்கி 2002இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பாய்வின்படி, நடுத்தர வயதில் வழக்கமான சுருங்கழுத்தம் 2 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால், பக்கவாதத்தால் நேரும் இறப்பு ஏறத்தாழ 10 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோய்களால் நேரும் இறப்பு ஏறத்தாழ 7 சதவீதமும் குறைவாக இருக்கும். மருந்து ஒருவரிடம் பத்து மில்லிமீட்டரைக் குறைக்கலாம். தூய காற்று ஒருவரிடம் குறைப்பது சிறிதே எனினும், அது மருந்துச் சீட்டு இல்லாமலே ஊரில் உள்ள எல்லோரையும் சென்றடைகிறது.

சோதனைகளின் இருவகை மறுமொழி

மேற்கூறிய ஆய்வுகள் இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதைக் காட்டுகின்றன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதை அவை மட்டும் நிலைநாட்டா. விறகில் சமைக்கும் குடும்பம் பெரும்பாலும் ஏழைக் குடும்பமாகும். அதன் உணவு, உழைப்பு, மருத்துவ வசதி ஆகியவையும் வேறுபடும். புகையைக் குறைத்துப் பார்த்து, அழுத்தம் குறைகிறதா என்று சோதிப்பதே உறுதியான வழி.

மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா மலைநாட்டில் இத்தகைய சோதனை நடைபெற்றது. வீட்டினுள் திறந்த தீயில் சமைத்து வந்த பெண்களில் சிலருக்குப் புகைபோக்கி உள்ள அடுப்பு கட்டிக் கொடுக்கப்பட்டது. 2007இல் வெளியான முடிவின்படி, அவர்கள் நாள் முழுவதும் சுவாசித்த நுண்துகள் சராசரி 264 மைக்ரோகிராமிலிருந்து 102ஆகக் குறைந்திருந்தது. விரிவழுத்தம் 3.0 மில்லிமீட்டரும், சுருங்கழுத்தம் 3.7 மில்லிமீட்டரும் குறைவாகக் காணப்பட்டன. சோதனை சிறியது, ஆயினும் நம்பிக்கை ஊட்டுவது.

இதற்கு அடுத்த பெரிய சோதனையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். இந்தியப் பகுதியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தினர் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் வட்டாரங்களில் நடத்தினர். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் உருளையும் 18 மாதங்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. மற்றவர்கள் வழக்கம்போல் விறகில் சமைத்தனர். எரிவாயு பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு 24 மைக்ரோகிராம். மற்றவர்களுடையது ஏறத்தாழ 71. இத்துணை வேறுபாடு இருந்தும், 2022இல் வெளியான முடிவுகளில் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவுற்ற காலத்து இரத்த அழுத்தமும் எரிவாயு பெற்றவர்களிடம் குறையவில்லை. மிகச் சிறிதளவு கூடுதலாகவே இருந்தது.

இம்முடிவை மறைப்பதும் தவறு. இதனால் மனம் தளர்வதும் தவறு. சோதனையில் சேர்ந்தவர்கள் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட, உடல்நலமுள்ள பெண்கள். யுன்னானில் விளைவு மிகுதியாகத் தோன்றியது ஐம்பதைக் கடந்தவர்களிடம். மேலும், பல பத்தாண்டுகளில் விறைத்த குழாய்கள் சில மாதத் தூய காற்றால் நெகிழ்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எரிவாயு பெற்ற வீட்டிலும் 24 மைக்ரோகிராம் எஞ்சி நின்றது என்பதும் எண்ணத்தக்கது. இதிலிருந்து நாம் அறிய வேண்டுவன இரண்டு. எரிவாயு உருளை வந்துவிட்டதால் ஊர்ப் பெண்களின் இரத்த அழுத்தம் தானே இறங்கிவிடும் என்று எந்தத் திட்டமும் உறுதி கூறலாகாது. புகையிலிருந்து விடுபடுவது எவ்வளவு இளமையில் தொடங்கி எவ்வளவு காலம் நீடிக்கிறதோ அவ்வளவுக்கே பயனை எதிர்பார்க்கலாம்.

நாம் செய்தவையும் செய்யாதவையும்

புகையில்லா அடுப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தின் எஸ்.பி. ராஜு, புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை 1950களின் தொடக்கத்திலேயே உருவாக்கி அதைப் பற்றி நூலும் எழுதினார். 1983இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002இல் முடிவுற்றபோது மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டிருந்தன. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே பயனற்றுப் போயின. புகைபோக்கியைத் துப்புரவு செய்வதற்கும், உடைந்த அடுப்பைச் செப்பனிடுவதற்கும் ஊரில் போதிய ஏற்பாடு இல்லை. கட்டிய அடுப்புகளின் எண்ணிக்கை கணக்கில் ஏறியது. எரிந்துகொண்டிருந்த அடுப்புகளின் எண்ணிக்கை ஏறவில்லை.

2016 மே முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய பிரதம மந்திரி உஜ்வலா திட்டம் நிலைமையைப் பெரிதும் மாற்றியது. 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தது. பின்னர் அது பத்துக் கோடியைக் கடந்தது. எனினும் இணைப்பு வேறு, பயன்பாடு வேறு. 2019-20இல் இத்திட்டப் பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக வாங்கியவை ஏறத்தாழ மூன்று உருளைகள். மானியம் உயர்த்தப்பட்ட பின் 2023-24இல் இது நான்கை நெருங்கியது. எல்லாச் சமையலையும் எரிவாயுவில் செய்யும் குடும்பத்துக்கு இது போதாது. தேநீரும் அவசரச் சமையலும் எரிவாயுவில். சோறும் மாட்டுத் தீவனமும் வெந்நீரும் விறகில் என்ற இரட்டை வழக்கம் தொடர்கிறது. ஐந்தாவது குடும்ப நல ஆய்வின்படி, தூய எரிபொருளையே முதன்மையாகப் பயன்படுத்திய வீடுகள் நகரங்களில் 89.7 சதவீதம், கிராமங்களில் 43.2 சதவீதம்.

காற்றைக் கண்காணிப்பதிலும் இதே ஏற்றத்தாழ்வு உள்ளது. 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தரங்கள் தொழிற்பகுதி, குடியிருப்புப் பகுதி, ஊரகப் பகுதி ஆகிய அனைத்துக்கும் ஒரே அளவையே விதித்துள்ளன. சட்டத்தின் முன் கிங்ஸ் சர்க்கிள்வாசியும் சிற்றூர்வாசியும் சமமே. ஆனால் அளக்கும் கருவிகள் பெரும்பாலும் நகரங்களில் உள்ளன. 2019 சனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் 131 நகரங்களை முன்னிறுத்தியே அமைந்தது. அளக்கப்படாத இடத்தில் தரம் மீறப்பட்டதா என்ற வினாவே எழுவதில்லை.

செய்யத்தக்கவை

முதலாவதாக, கிராமங்களின் காற்று அளக்கப்பட வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் விலையுயர்ந்த நிலையம் தேவையில்லை. மாவட்டத்துக்குச் சில நிலையங்களும், வேளாண் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள் வழியே இயங்கும் எளிய கருவிகளும் போதுமானவை. செங்கற் சூளை, குப்பை எரிப்பு, அறுவடைக்குப் பின் தட்டை எரிப்பு ஆகியவற்றின் பங்கும் அப்போது தெரியவரும்.

இரண்டாவதாக, எரிவாயுத் திட்டத்தின் வெற்றியை இணைப்புகளால் அல்லாமல் மறுநிரப்பல்களால் மதிப்பிட வேண்டும். கூலி குறையும் மாதங்களில் முழு உருளைக்கான தொகையை ஒரே சமயத்தில் செலுத்துவது ஏழைக் குடும்பத்துக்கு எளிதன்று. ஐந்து கிலோ உருளை தடையின்றிக் கிடைப்பதும், அது வீட்டு வாசல்வரை வருவதும் விலையைப் போலவே முக்கியமானவை. சமையல் மட்டுமன்றி, வெந்நீருக்கும் தீவனத்துக்கும் எரியும் விறகையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் சமையலுக்கென இடம் ஒதுக்க வேண்டும் என்ற விதி உள்ளது. அவ்விடத்தில் புகை வெளியேறும் வழி அமைந்துள்ளதா என்பதைத் தவணைத் தொகை வழங்குமுன் அலுவலர் பார்த்தறிதல் பயன் தரும். எரிவாயு வந்த பிறகும் விறகு எரியும் வீடுகள் பல ஆண்டுகள் இருக்கவே செய்யும்.

நான்காவது யோசனைக்குப் புதிய செலவு ஏதும் இல்லை. தொற்றா நோய்களைக் கண்டறிவதற்காக ஆஷா பணியாளர்கள் வீடுதோறும் நிரப்பும் படிவத்தில், எந்த எரிபொருளில் சமைக்கிறீர்கள் என்ற வினா ஏற்கெனவே உள்ளது. ஆனால் அது நுரையீரல் நோய்க்கான பகுதியில் இடம்பெற்றுள்ளது. அவ்விடையை இரத்த அழுத்த அளவோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாற்பதைக் கடந்து விறகில் சமைக்கும் பெண்களுக்கு அழுத்தத்தை அளப்பதில் முன்னுரிமை தரலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும், 2017இல் தொடங்கி மகாராஷ்டிரம், தெலங்கானா உள்ளிட்ட மாநிலங்களில் செயற்பட்ட இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியும் இதற்கு ஏற்ற அமைப்பைத் தந்துள்ளன. எரிபொருளும் அழுத்தமும் ஒரே ஏட்டில் பதிவானால், சில ஆண்டுகளில் நாட்டுக்கே பயன்படும் அறிவு நமக்குக் கிடைக்கும்.

இவை யாவும் மருந்துக்கு மாற்றாகா. அழுத்தம் உயர்ந்தவர் மருத்துவர் சொன்ன மருந்தை நாள்தோறும் உண்ணவும், உணவில் உப்பைக் குறைக்கவும் வேண்டும். எரிவாயு வந்துவிட்டது என்பதற்காக மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது.

முடிவுரை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் கூட்டு மதிப்பீட்டின்படி, 2019இல் காற்று மாசினால் நம் நாட்டில் நேர்ந்த இறப்புகள் 16.7 லட்சம். அவற்றுள் 6.1 லட்சம் வீட்டினுள் எழும் புகையால் நேர்ந்தவை. நகரத்தின் புகை செய்தியாகிறது. அடுப்படியின் புகை பழக்கமாகிவிட்டது. முன்னதைக் குறைப்பதற்கு நீதிமன்றங்களும் வாரியங்களும் முயல்கின்றன. பின்னதைச் சுவாசிப்பவர்களுக்காக வழக்காடுவோர் குறைவு.

கிங்ஸ் சர்க்கிளிலும் தாராவியிலும் செம்பூரிலும் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் குடும்பங்கள் இதில் ஆற்றக் கூடிய பங்கும் உண்டு. அனுப்பும் தொகையில் ஒரு பகுதி எரிவாயு மறுநிரப்பலுக்கு என்று குறித்து அனுப்பலாம். விடுமுறைக்கு ஊர் சென்றதும் வீட்டின் மூத்த பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கலாம். ஊர்க்காற்று நல்லது என்ற நம்பிக்கை, அங்கே விறகடுப்பின் முன் அமர்ந்திருப்பவருக்கும் உண்மையாக வேண்டும். அதற்கான பொறுப்பு அலுவலர்களுக்கும் நமக்கும் பொதுவானது.